ஓரத்தில் விரித்த பாய்

காதைக் கொடுங்கள், தீர்ப்பை மட்டும் கடைசிவரை கையிலேயே வைத்திருங்கள்.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் வடிவு என்று பீடி சுற்றுகிறவள் ஒருத்தி. புருசன் தங்கப்பழம், வாழைத்தார் தரகன். கலியாணமாகி ஏழு வருசம், வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை.

கட்டிவந்த புதிதில், மாதத்தில் நாலு நாள் அவளுக்கு முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழுவழுவென்று வெள்ளை பட்டது. பயந்துபோய், வெளியூரில் வாழ்க்கைப்பட்ட நாத்தனார் பேச்சியம்மாளிடம் சொன்னாள். அது உடம்பை உருக்குகிற நோவு, அன்றைக்கெல்லாம் தனியாகப் படு என்றாள் அவள். வடிவு ஓரமாகப் பாய் விரித்தாள். புருசனிடம் காரணம் சொல்ல வெட்கம். இடுப்பு வலி என்பாள்.

நாலாம் வருசம் டாக்டரம்மாவிடம் போனார்கள். வடிவுக்கு ரத்தம் எடுக்கிற நேரத்தில் தங்கப்பழத்தை உள்ளே கூப்பிட்டு வெகுநேரம் பேசினார்கள். வெளியே வந்தவன் நாலு முழம் மல்லிகை வாங்கிக் கொடுத்து, எல்லாம் கடவுள் விட்ட வழியாம் என்றான். அதுமுதல் கரிசனமும் கூடிப்போயிற்று. அந்த நாள் வந்தால், அவள் வாய் திறக்குமுன்னே பாயை ஓரமாக விரித்துத் தலையணையும் போட்டிருப்பான்.

பேச்சியம்மாள் மகள் செல்லக்கனிக்குக் கலியாணமாகி ரெண்டு வருசம், அவளுக்கும் இல்லை. போன கோயில் கொடைக்கு வந்தவள், அம்மா தன்னையும் அந்த நாளில் தனியே படுக்கச் சொல்லியிருப்பதாக வடிவிடம் சொன்னாள்.

இப்போது தங்கப்பழத்துக்கு ரெண்டாம் தாரம் பேசியாயிற்று. அவன் தார் எடுக்கிற தோப்புக்காரர் மகள். "வாரிசு வேணும்லா. நீயும் ஒரு பக்கம் இரு" என்றான். கடைசியாக நோவுக்கு மருந்தாவது கேட்போமென்று வடிவு ஸ்டெல்லா நர்சம்மாவிடம் போனாள்.

நர்சம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இது நோவு இல்லம்மா, இதுதான் வழி. மத்த நாள்ல கர்ப்பப்பை வாயில இது பசை மாதிரி கெட்டியா அடைச்சு நிக்கும். அமலைச் செடி மண்டி மூடுன வாய்க்கால்ல மீன் போகுமா? விந்தணுவும் நீந்த முடியாம அங்கேயே செத்துரும். இந்த நாலு நாள்தான் நெகிழ்ந்து நூலா இழுபடும். அப்ப விந்தணு சுளுவா உள்ளே ஏறிப்போகும். தூரமான நாளிலிருந்து எண்ணினா உனக்குப் பத்தாம் நாள் வாக்குல வரும். ஆம்பளைகூட எண்ணிரலாம்."

மடை திறந்த நாளெல்லாம் விலகிப் படுத்தோமே என்று நெஞ்சு எரிய வடிவு வீட்டுக்கு வந்தாள். தம்பி நிச்சயத்துக்கு வந்திருந்த பேச்சியம்மாள் தாம்பூலத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். சேதி கேட்டதும் அவள் கை நின்றது.

"எங்க ஆத்தா சொன்னதத்தாண்டி சொன்னேன். எனக்கே பத்து வருசம் கழிச்சுத்தான் செல்லக்கனி பிறந்தா."

"பொம்பளை சமாச்சாரம் எனக்கு என்ன தெரியும்?" என்றான் தங்கப்பழம். "அக்கா பேச்சைக் கேட்டது உன் தப்பு."

கேட்டவர்களே, சொல்லுங்கள். வடிவுக்குத் துரோகம் செய்தது யார்? அக்காளா, தம்பியா?

தம்பிதான். தெரிந்து கெடுக்கிறவள் பெற்ற மகளுக்கும் அதையே சொல்வாளா? பேச்சியம்மாள் செய்தது அறியாப் பிழை. ஆனால் வடிவு வாய் திறக்குமுன்னே பாய் விரித்தவனுக்கு நாள் எப்படித் தெரிந்தது? சேர்வதற்கென்று டாக்டரம்மா சொல்லிக் கொடுத்த நாள் கணக்கை அவன் விலகுவதற்கு எண்ணியிருக்கிறான். வடிவும் அதைத்தான் கேட்டாள்: "இடுப்பு வலின்னுதானே சொன்னேன். எனக்கு முந்தி உனக்கு நாள் சொன்னது யாரு?" ஓரத்துப் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் படியிறங்கினாள். தட்டைக் கவிழ்த்துவிட்டுப் பின்னாலேயே பேச்சியம்மாளும் இறங்கினாள், மகள் ஊருக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க.