சீனியம்மா பேசின இங்கிலீஷ்

கேட்டா உங்களுக்கே பத்திக்கிட்டு வரும். கோவில்பட்டியில ஒரு மாடியில ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ். வாத்தியார் ஞானராஜ், கிளாஸைக் கூட்டிப் பெருக்குற சீனியம்மா ஏதோ தமிழ்ல பேசிட்டான்னு, அவளைப் பிள்ளைக முன்னால நிப்பாட்டி, "இங்க தமிழ் பேசுறது யாரா இருந்தாலும் வெளிய! இங்கிலீஷ்ல பேசு, இல்ல வேலைய விட்டுப் போ"ன்னு எகிறினாரு.

ஆறு வருஷமா பிள்ளைக கோரஸாக் கத்துறதைக் கேட்டுக்கிட்டே கூட்டுனவ அவ. விளக்குமாத்தை ஊண்டி நின்னா.

"இட் ஈஸ் ரூட் ஆஃப் யூ டு ஷவுட் அட் மீ, சார்!"

கிளாஸே கொல்லுன்னு சிரிச்சது.

"அடியே, யாரைப் பார்த்து மரியாதை இல்லாதவன்னு சொல்லுற? நாக்கை அறுத்துப்புடுவேன்!"னு வாத்தியார் பச்சைத் தமிழ்ல குதிச்சாரு.

சீனியம்மா போய்க் கதவை அகலத் தொறந்து பிடிச்சா.

"நோ தமிழ், சார். இட் ஈஸ் நெசசரி ஃபார் யூ டு கோ."

வாத்தியாருக்கு ரெண்டு பாஷையும் மறந்துபோச்சு. அவ மிச்ச இடத்தையும் கூட்டி முடிச்சா.