திரும்பிப் பார்த்த நீர்நாய்

துரத்திப் பிடிக்க வேண்டிய மீன் தானாகவே கைக்கு வந்து சேர்ந்தால் அது நல்லதா, கெட்டதா? யோசித்து வையுங்கள், கண்ணுகளா. ஒரு காட்டில் ஒரு நீர்நாயும் இதை யோசித்தது. கொஞ்சம் தாமதமாகத்தான் யோசித்தது.

அதன் பெயர் செவந்தி. ஓடை வந்து விழும் மடுவின் கரையில், இரண்டு குட்டிகளோடு குடியிருந்தது. முன்பெல்லாம் ஒரு கெண்டையைப் பிடிப்பதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும். இந்தக் கோடையிலோ மீன்களெல்லாம் அரைத்தூக்கத்தில் மிதந்தன. எட்டி எடுத்தால் போதும்.

"நமக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது!" என்று செவந்தி துள்ளியது.

நாலு நாள்தான் அந்தத் துள்ளல். ஐந்தாம் நாள் குட்டிகளும் தூங்க ஆரம்பித்தன. தூக்கினால் துவண்டு விழுந்தன. மழை வந்து வெள்ளம் பெருகுவதற்குள் அவை நீந்தப் பழகியாக வேண்டும். நீந்தத் தெரியாத குட்டியை வெள்ளம் விட்டுவைக்காது.

செவந்தி ஒன்றைக் கவ்விக் கொஞ்ச தூரம் போகும். அதை வைத்துவிட்டு வந்து மற்றதைக் கவ்வும். இப்படியே மேட்டில் ஏறி, கரடி வைத்தியர் வீட்டைத் தொடுவதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று.

கரடிக்குத் தாராள மனசு. இரண்டு மடக்கு போதும் என்றாலும், ஒரு சுரைக்குடுவை நிறையக் கொடுத்தால்தான் அதற்குத் திருப்தி.

"ஆளுக்கு ரெண்டு மடக்கு கொடு, தாயி. எழுந்து ஓடும் பார்."

"மிச்சத்தை என்ன செய்ய?"

"இது தெரியாதா? ஓடையில் ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போ. வீட்டில் வைத்திருந்தால் நோய் திரும்பி வந்துவிடும்."

அந்தக் காட்டில் அப்படித்தான் வழக்கம். பெரிய மிருகம், சின்ன மிருகம் எல்லாம் அப்படித்தான் செய்யும்.

மருந்து உள்ளே போனதும் குட்டிகள் கண் விழித்தன. வீடு திரும்பும் வழியில் செவந்தி குடுவையை ஓடையில் கவிழ்த்தது. உடனே நடையைக் கட்டியிருக்க வேண்டும். ஆனால் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை, அவ்வளவு களைப்பு. அங்கேயே பொத்தென்று உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தது.

அதற்கு முன் யாரும் நின்று பார்க்காததை அது பார்த்தது. அயிரைமீன் குஞ்சுகள் வெறி பிடித்தாற்போல் துள்ளின. கரையில் மோதின. பிறகு வெள்ளை வயிறு தெரிய மிதந்தன.

அந்த நேரம் பார்த்து யானை ஒரு பானையோடு வந்தது.

"அதில் என்ன அண்ணே?" என்று செவந்தி கேட்டது.

"தூக்க மருந்தம்மா. இப்போதெல்லாம் குறட்டை விட்டுத் தூங்குகிறேன். மிச்சம் கொஞ்சம் இருக்கிறது, ஊற்ற வந்தேன்."

மீன்களின் தூக்கமும் குட்டிகளின் தூக்கமும் எங்கிருந்து வந்தன என்று செவந்திக்கு அப்போதுதான் புரிந்தது.

யானைக்குப் பின்னால் மயில் நின்றது, தோகை மினுக்கும் தைலத்தோடு. குரங்கு நின்றது, சொறிக் களிம்போடு.

"என் தைலம் துளியூண்டுதான்," என்றது மயில்.

"என் களிம்பு அதைவிடக் கம்மி," என்றது குரங்கு.

"உங்கள் துளியூண்டை எல்லாம் இந்தப் பாறைக்குழியில் விடுங்கள். யாராவது போய் வைத்தியரைக் கூட்டி வாருங்கள்," என்றது செவந்தி.

கரடி மூச்சிரைக்க வந்து சேர்ந்தது.

"வெயிலில் வந்திருக்கிறீர்கள் வைத்தியரே. ஒரு வாய் குடியுங்கள்," என்று செவந்தி குழியைக் காட்டியது.

கரடி மோந்து பார்த்துவிட்டுப் பின்னால் துள்ளியது. "அடியே! தூக்க மருந்தும் தைலமும் களிம்பும் கலந்து கிடக்கிறது. குடித்தால் குடல் வெந்துவிடும். என்னைக் கொல்லப் பார்க்கிறாயா?"

"என் பிள்ளைகள் தினமும் இதைத்தான் குடிக்கிறார்கள்."

"ஓடுகிற தண்ணீர்தானே, போய்விடாதா?" என்று மயில் முகத்தைச் சுளித்தது.

"போகும் அண்ணே. எங்கள் வீட்டுக்குத்தான் போகும்," என்றது செவந்தி. கோபப்படக்கூட அதற்குத் தெம்பில்லை.

குரங்கு தலையைச் சொறிவதை நிறுத்திவிட்டது.

கடைசியில் கரடி சொன்னது: "தப்பு என்னுடையது. இனி அளந்துதான் கொடுப்பேன். மிஞ்சினால் என்னிடமே கொண்டுவாருங்கள். இந்தக் குழியில் இருப்பதையும் நானே அள்ளிக்கொண்டு போகிறேன்."

அதற்குள் குட்டிகள் தாகத்தில், யார் யார் மருந்தோ கலந்த ஓடையில் வாய் வைத்துவிட்டன. மறுபடியும் இரண்டும் கரையிலேயே சுருண்டு விழுந்தன.

கரடி பதறிப்போய்ப் பையைத் துழாவியது. "இரு, இதைவிட வீரியமான மருந்து ஒன்று..."

"மருந்து வேண்டாம் வைத்தியரே," என்றது செவந்தி. "மலை உச்சிப் பாறை ஊற்றில் நல்ல தண்ணீர் இருக்கிறது. இரண்டையும் தூக்க என்னால் ஆகாது. பெரியவனை நான் கவ்விக்கொள்கிறேன். சின்னவளை நீங்கள் சுமந்து வாருங்கள்."

நீதி: நாம் தண்ணீரில் கொட்டுவது தொலைந்து போவதில்லை, அடுத்தவர் குடிக்கும் தண்ணீரில்தான் போய்ச் சேருகிறது.