தொட்டி நிரம்பிவிட்டது, மகாராஜா!

முன்னொரு காலத்தில், வற்றல் குழம்புக்காக ஒரு நாட்டையே அலங்கோலமாக்கிய ராஜா ஒருவர் இருந்தார். நல்லவர்தான். கோபம் வந்தால் மட்டும் ஏதாவது ஒரு சட்டம் போட்டுவிடுவார்.

அவர் உயிரையே வைத்திருந்த அந்தக் குழம்பை வைக்கத் தெரிந்த ஒரே சமையல்காரன் தீத்தாரப்பன், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பக்கத்து நாட்டு அரண்மனையில் போய்ச் சேர்ந்தான். பழைய வேலையை ஏன் விட்டாய் என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். அவனும் வெள்ளந்தியாக, "எங்க ராஜா பாகற்காயக் கண்டா அழுவாருங்க. வெல்லப் பானையில கைய விட்டுட்டு எறும்பு மேல பழி போடுவாருங்க. தினம் இதே ரோதனை" என்று சபை நடுவில் போட்டு உடைத்துவிட்டான். அந்த நாட்டுத் தூதர் அடுத்த முறை வந்தபோது, காணிக்கையாக ஒரு கூடை பாகற்காயைக் கொண்டுவந்து வைத்தார்.

ராஜாவுக்கு முகம் சிவந்தது. சமையல்காரன் பெயரை இனி யாரும் என் காதில் போடக் கூடாது என்றார். அதோடு நிற்காமல் ஒரு சட்டமும் போட்டார். வேலை கேட்டு வருகிற எவனும், கடைசியாகப் பார்த்த வேலையை ஏன் விட்டான் என்று சபையில் சொல்லியாக வேண்டும். பழைய எஜமானைக் குறை சொன்னால், நாளைக்கு நம்மையும் சொல்வான், துரத்து. புகழ்ந்தால், அவ்வளவு நல்லவரை விட்டவன் நம்மையும் விடுவான், துரத்து. வாய் திறக்காவிட்டால் எதையோ மறைக்கிறான், பாதித் தலையை மழித்துத் துரத்து.

இப்படி ஒரு சட்டம் இருந்தால் யார் வேலைக்குச் சேருவார்கள்? அடுக்களைக்கு ஆள் இல்லை. துணி வெளுக்க ஆள் இல்லை. நாவிதனும் போய்விட்டதால், தலை மழிக்கும் பொறுப்பைப் படைத்தலைவரான தளவாய் ஏற்றுக்கொண்டார். அவருக்குத் தெரிந்த கத்தி போர்க்களத்துக் கத்தி ஒன்றுதான். வேலை கேட்டு வருபவர்கள் ஏன் குறைந்துவிட்டார்கள் என்று ராஜா அடிக்கடி ஆச்சரியப்பட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அம்பலத்தாடி வந்து சேர்ந்தான். வேறொரு தேசத்து அரண்மனையில் விகடகவியாக இருந்தவன். வேலையை விட்டு, மனைவி வஞ்சியோடும் சின்ன மகளோடும் ஊர் ஊராக நடந்து, ஏற்கெனவே இரண்டு சபைகளில் இதே கேள்விக்குப் பதில் சொல்லித் தோற்றிருந்தான். சத்திரத்தில் இனித் தங்கவும் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"பசியிலயே தூங்கிட்டா புள்ள" என்றாள் வஞ்சி. "இங்கயாவது வாயக் கட்டிக்கிட்டு ஒரு பதிலச் சொல்லிட்டு வாங்க."

"வாயக் கட்டிக்கிட்டா எப்படிப் பதில் சொல்றது?" என்று கேட்டுவிட்டு அவன் கிளம்பினான். சிரிக்கத்தான் கேட்டான். ஆனால் அவள் சிரிக்கவில்லை.

அரண்மனை வாசலில் முதல் மந்திரியான பிரதானி வரகுணர் அவனைப் பார்த்ததுமே யாரென்று விசாரித்துக்கொண்டார். விகடகவி இடத்தைத் தம் மைத்துனனுக்கு வாங்கிக் கொடுக்க அவர் ஆசைப்பட்டிருந்தார். அந்த மைத்துனன் விகடம் சொன்னால் சொன்னவன் மட்டும்தான் சிரிப்பான். இந்த ஆளைக் களைக்க வைத்து, வியர்வையும் அழுக்குமாகச் சபையில் நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது என்று பிரதானி கணக்குப் போட்டார்.

"ஏய், சும்மாதானே நிக்கிறே? சபை கூடுறதுக்குள்ள கிணத்துல தண்ணி இறைச்சு அடுக்களைத் தொட்டிய ரொப்பு" என்றார்.

"ஐயா, இது அரண்மனை வேலைங்களா?"

"பின்னே எங்க வீட்டு வேலையா?"

"யாரு உத்தரவுன்னு கேட்டா?"

"ராஜா உத்தரவுன்னு சொல்லு. முடிஞ்சதும் ஒரு உருண்டை மோர்ச்சோறு உண்டு, போ!"

அம்பலத்தாடி கிணற்றடிக்குப் போனான். இறைத்தான், ஊற்றினான். சோற்றை இலையில் மடித்து, மகளுக்கென்று மடியில் வைத்துக்கொண்டான். தண்ணீர் ஊற்றப் போன இடத்தில் கண்ணை மூடிக்கொண்டா போக முடியும்? இரண்டு சங்கதிகள் அவன் கண்ணில் பட்டன. அவை என்னவென்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

சபை கூடியது. தளவாய் கத்தியோடு தயாராக நின்றார். பிரதானி தொண்டையைச் செருமினார்.

"அம்பலத்தாடி! கடைசியாகப் பார்த்த வேலையை நீ ஏன் விட்டாய்? மறைக்காமல் மகாராஜாவிடம் விண்ணப்பித்துக்கொள்."

"கடைசியாகப் பார்த்த வேலையை மட்டும் சொன்னால் போதுமா, பிரதானி அவர்களே? அதற்கு முந்தைய வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டுமா?"

"கடைசி வேலை. சட்டம் அதைத்தான் கேட்கிறது."

"அப்படியே ஆகட்டும். மகாராஜா, அடியேன் கடைசியாக ஓர் அரண்மனையில் தண்ணீர் இறைத்தேன். ராஜாவின் உத்தரவு என்று சொன்னார்கள். கூலியாக மோர்ச்சோறு கொடுத்தார்கள்."

ராஜா முன்னால் சாய்ந்தார். "விகடகவியைத் தண்ணீர் இறைக்கவிட்ட அந்த அரசன் யார்?"

"தாங்கள்தான், மகாராஜா. இன்று காலையில்தான் இறைத்தேன். என் மேல்துண்டு இன்னும் காயவில்லை."

சபை கொல்லென்று சிரித்தது. பிரதானியின் முகம் மட்டும் இஞ்சி தின்றதுபோல் ஆனது.

"ஆகவே அந்த அரசரைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்" என்று அம்பலத்தாடி கைகட்டி நின்றான். "அடுக்களையின் பின்வாசலில் ஒரு பல்லக்கு நின்றது. அதில் அரண்மனை நெய்ச்சாடி ஒன்று ஏறி உட்கார்ந்தது. அந்தப் பல்லக்கு யாருடையது என்றால்..."

"மகாராஜா!" என்று பிரதானி அலறினார். "பல்லக்கெல்லாம் சபைக்கு எதற்கு?"

"சரி, பல்லக்கு வேண்டாம். அடுப்படியில் ஒருவர் தனியாக உட்கார்ந்து தாமே குழம்பு கிளறிக்கொண்டிருந்தார். குழம்பு தீய்ந்துவிட்டது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டு, 'நீ என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள், திரும்பி மட்டும் வந்துவிடு' என்று..."

"நிறுத்து!" என்று ராஜா எழுந்துவிட்டார். சபைக்கு ஒன்றும் புரியவில்லை. ராஜாவுக்கு மட்டும் காது மடல்வரை சிவந்திருந்தது.

அம்பலத்தாடி தலையைக் குனிந்துகொண்டான். "நிறுத்திவிட்டேன், மகாராஜா. ஆனால் சொல்லாதவன் எதையோ மறைக்கிறவன் அல்லவா? பாதித் தலை போக வேண்டும். தளவாயும் வெகுநேரமாகக் காத்திருக்கிறார்."

ராஜா மெல்ல உட்கார்ந்தார். அவன் மறைத்தது அவருடைய மானத்தை. அதற்காக அவன் தலையில் கத்தி வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

"உன்னுடைய பழைய அரசரைப் பற்றியும் இப்படித்தான் மறைப்பாயா?"

"அங்கேயும் ஓர் அடுக்களை உண்டு, மகாராஜா."

பிரதானி கடைசி முயற்சியாகக் குறுக்கிட்டார். "எல்லாம் சரி. இந்த வேலையை ஏன் விட்டான் என்பதற்கு இன்னும் காரணம் சொல்லவில்லையே!"

"தொட்டி நிரம்பிவிட்டது, ஐயா. அதனால் விட்டேன்."

ராஜா சிரிக்கத் தொடங்கினார். சமையல்காரன் போன பிறகு அவர் சிரித்தது அதுவே முதல் முறை. கிரீடம் சரிந்து மடியில் விழும்வரை சிரித்தார். குறையும் இல்லை, புகழும் இல்லை, மௌனமும் இல்லை, சட்டம் இவனை என்ன செய்யும்? கையிலிருந்த கங்கணத்தைக் கழற்றி அம்பலத்தாடிக்குப் போட்டார். விகடகவி பதவியும் வீடும் கொடுத்தார். சத்திரத்துக்கு உடனே பல்லக்கு அனுப்பச் சொன்னார்.

"பிரதானியின் பல்லக்கே போகட்டும்" என்றார். "நெய்ச்சாடியை மட்டும் இறக்கி வைத்துவிட்டுப் போகட்டும். நாளை முதல் தொட்டியை நிரப்பும் வேலையும் அவருடையதே."

சபை கலைந்த பிறகு ராஜா அவனைத் தனியே கூப்பிட்டார். "இங்கே யாரும் இல்லை. அந்தப் பழைய ராஜாவை ஏன் விட்டாய்? என்னிடம் மட்டும் சொல்."

அம்பலத்தாடியின் முகத்தில் விளையாட்டு இல்லை. "அங்கேயும் தொட்டி நிரம்பிவிட்டது, மகாராஜா" என்றான்.

ராஜா மேற்கொண்டு கேட்கவில்லை. எனக்கும் காரணம் தெரியாது. வஞ்சிக்குத் தெரியும், அவளும் வாய் திறக்கவில்லை.

சட்டம் அன்றே ரத்தானது. பக்கத்து நாட்டுக்கு ஆள் போனான். சில நாளில் தீத்தாரப்பன் கரண்டியும் கையுமாக வந்து ராஜாவின் முன்னால் நின்றான். ராஜா அவனை மேலும் கீழும் பார்த்தார். "அந்த வேலையை ஏன்..." என்று ஆரம்பித்தார். பக்கத்தில் அம்பலத்தாடி லேசாக இருமினான்.

"ஏன் இன்னும் நிற்கிறாய்?" என்றார் ராஜா. "அடுப்பைப் பற்றவை. இன்றைக்கு வற்றல் குழம்பு."