பாலத்தில் ஐந்து பேர்

சிலம்பம் கற்றுத்தரும் செங்கமலத்துக்கு முப்பது வயதுதான். ஆனால் அவள் ஓர் அதட்டல் போட்டால் மைதானமே அடங்கிவிடும். அவளிடம் கம்பு சுற்றப் பழகியவர்கள் ஐந்து கல்லூரிப் பையன்கள். அவர்களில் ஒருவனான தென்னவன், ஒரு நாள் காலை பயிற்சிக்கு முன்பே தனியாக வந்து நின்றான்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"இன்னைக்குச் சாயங்காலம் கொள்ளிடம் பாலத்துலேருந்து குதிக்கப் போறோம். அஞ்சு பேரும் கம்பைத் தொட்டுச் சத்தியம் பண்ணியாச்சு."

ஆற்றில் ஆடி வெள்ளம் இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம்தான் ஓர் எருமையை இழுத்துக்கொண்டு போயிருந்தது.

"உனக்கு நீச்சல் தெரியுமா?"

"குளத்துல நீந்துவேன்."

"குதிக்க ஆசையா?"

"செத்துருவேனோன்னு பயமா இருக்குக்கா. ஆனா குதிக்கலைன்னா அவனுங்க நாலு பேரும் ஆயுசுக்கும் சிரிப்பானுங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"முதல்ல போய்க் கம்பை எடு" என்றாள் செங்கமலம்.

தென்னவனுக்கு எரிச்சலாக வந்தது. உயிர் போகிற விஷயத்தைக் கேட்டால் இதுவா பதில்?

சாயங்காலம் ஐந்து பேரும் பாலத்துக்குப் போனார்கள். அவர்களுக்கு முன்பே அவள் அங்கே வந்து நின்றிருந்தாள்.

"எல்லாரும் வரிசையா நில்லுங்க. கண்ணை மூடுங்க. நான் சொல்றவரைக்கும் எவனும் திறக்கக் கூடாது."

மூடினார்கள். கீழே தண்ணீர் இரைந்தது.

"நிஜமாவே குதிக்கணும்னு ஆசை இருக்கிறவன் மட்டும் கையைத் தூக்கு."

தென்னவன் கையைத் தூக்கவில்லை. சிரித்தால் சிரிக்கட்டும் என்று அப்போதுதான் முதல் முறையாகத் தோன்றியது.

"தூக்கின கையை இறக்காதீங்க. இப்பக் கண்ணைத் திறங்க."

ஒரு கைகூட மேலே இல்லை.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் சிரித்தான், பிறகு ஐந்து பேரும் சிரித்தார்கள். போன உயிர் திரும்பி வந்த சிரிப்பு அது. மற்ற நால்வரும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தார்கள்.

தென்னவன் மட்டும் நின்றான்.

"அக்கா, ஒருத்தனுக்கும் ஆசை இல்லை. அப்புறம் எங்களை இவ்வளவு தூரம் இழுத்துக்கிட்டு வந்தது யாரு?"

"நேத்தே அவனுங்க நாலு பேரும் தனித்தனியா எங்கிட்ட வந்தானுங்கடா."

"வந்து என்ன சொன்னானுங்க?"

"குதிக்கலைன்னா தென்னவன் சிரிப்பானேன்னு சொன்னானுங்க."