எட்டுப் படி அரிசி

மடத்துக் களஞ்சியம் மாசிலாமணியின் பொறுப்பில் இருந்தது. நாற்பது வயதுச் சீடர். அளவில் நேர்மையானவர். அவர் கூலி அளந்தால் படி தலைகுவிந்து நிற்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

குருபூசை அன்னதானத்துக்கு நெல் குத்தப் பூவாயி வந்துகொண்டிருந்தாள். விடிந்தது முதல் பொழுது சாயும்வரை உலக்கை போட்டால் எட்டுப் படி அரிசி தேறும். கூலி இரண்டு படி. பேசி ஒத்துக்கொண்டதுதான்.

அன்று வெள்ளிக்கிழமை, சந்தை நாள். வெயில் ஏறும்போது அவள் உலக்கையைச் சுவரில் சாய்த்தாள்.

“சாமி, பிள்ளைக்கு மூணு நாளாக் காய்ச்சல். வைத்தியர் சந்தைக்கு வந்திருக்காரு. உச்சிப்பொழுதுக்கு வண்டி கட்டிருவாரு. இதுவரைக்கும் மூணு படி குத்திட்டேன். என் கூலி ரெண்டு படிதானே? அதுகூட வேணாம், வைத்தியருக்குக் குடுக்க ஒரு படி குடுத்து அனுப்புங்க.”

“நான் உங்கிட்ட அரிசியா விலைக்கு வாங்குறேன்? பொழுது சாயுற வரைக்கும் உன் கையை வாங்கியிருக்கேன். இப்பப் போனா கூலி கிடையாது. நாளைக்கு வேற ஆளு வரும்.”

அவள் உலக்கையை எடுத்தாள். சாயங்காலம் இரண்டு படியைத் தலைகுவிய அளந்து கொடுத்தார்.

இரண்டு நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து உரலில் நெல்லைக் கொட்டினாள்.

“பிள்ளைக்கு எப்படி இருக்கு?”

“புதைச்சாச்சு, சாமி.”



புதன்கிழமை குருபூசை நடந்தது. ஆயிரம் இலை விழுந்தது. மடத்தின் தயாளத்தை ஊரே மெச்சியது. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் வாயில்லை. வாயில் பாயசம் இருந்தது.

மாசிலாமணிக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. மறு வெள்ளிக்கிழமை விடிந்ததும் குருவிடம் போனார்.

“சாமி, கூலியில ஒரு அரிசி குறைச்சதில்ல. பேசினதைக் கொடுத்தேன். ஆனா அவ முகத்தைப் பார்க்க முடியல. நான் எங்கே தப்புப் பண்ணினேன்?”

“என்ன வாங்கினே?”

“அவ வேலையை.”

“வேலையை வாங்கியிருந்தா, ரெண்டு படி குத்தினதுமே அனுப்பியிருப்பியே.”

மாசிலாமணி யோசித்தார். “கையை வாங்கினேன். ஒரு பொழுதுக்கு.”

“அதுக்கு ரெண்டு படின்னு எப்படி வச்சே?”

“அவ வீடு ஒரு நாள் சாப்பிட அவ்வளவு வேணும். அப்பத்தான் மறுநாள் வந்து உலக்கையைப் பிடிக்க முடியும்.”

“அந்தக் கை எவ்வளவு குத்துச்சு?”

“எட்டுப் படி.”

“மீதி ஆறு?”

“அன்னதானத்துல...”

“ஆமா. நானும் தின்னேன்.”

குரு எழுந்து உரலடிக்குப் போனார். மடத்து அன்றாடச் சமையலுக்கு நெல் குத்தப் பூவாயி அப்போதுதான் வந்திருந்தாள்.

“நீ இன்னிக்கு உட்காரு, தாயி.”

அவள் பயந்துபோனாள். “கூலி, சாமி?”

“உண்டு.”

உலக்கையை வாங்கிச் சீடரிடம் கொடுத்தார். “குத்து.”

பழகாத கை. கொப்புளம் எழும்பி உடைந்தது. மாசிலாமணி நிறுத்தவில்லை. வெயில் ஏறிய பிறகு முறத்தில் புடைத்து அளந்தார். சரியாக இரண்டு படி இருந்தது. உச்சிக்கு இன்னும் நேரம் இருந்தது. சந்தை இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது.

“அவ கூலிக்கு ஆனது வந்துருச்சு, சாமி. உலக்கையை வைக்கட்டுமா?”

குரு தெருப் பக்கம் பார்த்தார்.

“வைத்தியர் வண்டி போகட்டும்.”