தலை நனையாமல் கழுவிய கறிக்கம்பி

அரைப்புளியங்குளத்தில் குளம் கிடையாது. ஏன் என்று கேட்டால், "பேருலயே அரைன்னுதானே இருக்கு, மிச்ச அரை எங்க இருக்கோ அங்க குளம் இருக்கும்" என்பார்கள். கேட்டவருக்கும் அது சரியாகத்தான் படும். அப்படிப்பட்ட ஊர்.

அந்த ஊரிலேயே படித்தவள் பவுனுத்தாயி. நாலாவது வரைக்கும் போனவள். அவள் வாக்கப்பட்ட வீட்டில் புருஷன் மொக்கையனுக்கும், கொழுந்தன்மார் காத்தமுத்து, வீரணன் ரெண்டு பேருக்கும், எழுத்து என்றால் எறும்பு மையில் கால் வைத்து நடந்த தடம். அதனால் கடுதாசி வந்தால் பவுனுதான் படிப்பாள். அவள் படித்ததை மூன்று பேரும் ஓர் எழுத்து விடாமல் நடத்துவார்கள். எழுதினதை நடத்தாமல் விட்டால் அப்புறம் எதற்கு எழுதுவது என்பது மொக்கையன் கட்சி.

பவுனுவுக்கு மனசுக்குள் ஒரு முள் இருந்தது. போன ஆடி விருந்துக்கு நாத்தனார் செல்லக்கிளியும் அவள் புருஷன் தங்கவடிவேலும் கோயமுத்தூரிலிருந்து வந்தார்கள். பவுனு கோழிக்குழம்பு வைத்தாள். "அடுப்பைப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு மொக்கையன் வெளியே போனான். அவளும் அடுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது அணைந்த பிறகும் பார்த்தாள். மேலே சட்டி இருப்பதைப் பார்க்கும்படி அவளிடம் யாரும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை அந்தக் கோழியைத் தின்றுவிட்டு மூன்று நாள் கொல்லைக்கும் வீட்டுக்குமாக நடந்தார். ஊருக்குப் போனவர், "இனிமே அந்த வீட்டுப் பக்கம் உன்னை அனுப்ப மாட்டேன்" என்று செல்லக்கிளியிடம் சொல்லிவிட்டார். ஒரு வருஷமாக அவள் பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பவுனுவுக்கு அவள் நாத்தனார் மட்டுமில்லை, பேச்சுத்துணை. வீட்டில் இருந்த மூன்று ஆம்பளைகளிடமும் பேசலாம்தான், ஆனால் பதில் சொல்லிவிடுவார்கள்.

இந்த ஆடிக்குச் செல்லக்கிளியிடமிருந்து பஸ்ஸில் ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே ஒரு சாண் நீளத்தில் கூரான கம்பி, அதன் உச்சியில் கடிகாரம் மாதிரி வட்டமாக ஒரு தலை, அதில் எண்ணும் முள்ளும். கூடவே கடுதாசி. பவுனு எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"மதினி, இது கறி வெந்திருச்சான்னு பாக்குற கம்பி. கறிக்குள்ள குத்தினா எழுபத்தி நாலு காட்டணும். காட்டினா வெந்திருச்சு, கொறஞ்சா வேகலை. ஞாயித்துக்கெழமை ஒரு மணி பஸ்ஸுக்கு வர்றோம். சாப்பிட்டு அவுகளுக்கு ஒண்ணும் ஆகலேன்னா மூணு நாள் இருந்துட்டு வரலாம்னு சொல்லியிருக்காக. ஏதாச்சும் ஆச்சுன்னா நாலு மணி பஸ்ஸுக்கே என்னையக் கூட்டிட்டுப் போயிருவாக. மறுபடி வரவே முடியாது. கம்பியைச் சுத்தமா வச்சுக்கங்க மதினி, அதுலதான் எல்லாம் இருக்கு. கீழ எழுதியிருக்கிறபடி செய்ங்க."

பவுனுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இந்தத் தடவை எழுத்து மாறாமச் செய்வோம்ங்க" என்றாள் புருஷனிடம்.

"ஒரு புள்ளி மாறாது" என்றான் மொக்கையன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோழியை உரித்து, மசாலாத் தடவி வைத்தார்கள். பவுனு முதல் வரியைப் படித்தாள். "கம்பியைச் சுடுதண்ணியிலும் சோப்பிலும் நல்லாத் தேச்சுக் கழுவணும். கழுவும்போது தலை நனையக் கூடாது."

மூன்று ஆம்பளைகளும் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

"யாரு தலை?" என்றான் காத்தமுத்து.

"பேர் போடலையே" என்றாள் பவுனு, காகிதத்தைத் திருப்பிப் பார்த்து.

"பேர் போடலேன்னா எல்லாருக்கும் பொது" என்றான் மொக்கையன்.

அதனால் மொக்கையன் குடையை விரித்தான், பவுனுவையும் அதற்குள் இழுத்துக்கொண்டான். காத்தமுத்து உரச்சாக்கை மடித்துத் தலைக்குக் கொங்காணி போட்டுக்கொண்டான். வீரணனுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை, இட்லிக் குண்டானைக் கவிழ்த்துக்கொண்டான். கண்வரைக்கும் இறங்கிவிட்டதால், "தண்ணி எந்தப் பக்கம்?" என்று அவன் குண்டானுக்குள்ளிருந்து கேட்டபடி இருந்தான். காத்தமுத்து கம்பியின் வட்டத்தலையை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கூர்முனையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தான். அதனால் கம்பியின் தலையும் நனையவில்லை. அது யாரும் நினைத்துச் செய்ததல்ல, கம்பியின் அதிர்ஷ்டம்.

அடுத்த வரி: "கழுவினாலும் கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கும். ஸ்பிரிட்டுல பஞ்சை நனைச்சுத் துடைச்சுச் சாகடிக்கணும்."

வீரணன் குண்டானைக் கழற்றிவிட்டுக் கம்பியை வெயிலில் பிடித்துப் பார்த்தான். ஒரு பக்கம் பார்த்தான், மறுபக்கம் பார்த்தான். முகம் வெளிறிவிட்டது.

"என்னடா?"

"ஒண்ணுமே தெரியலைண்ணே."

"அய்யய்யோ" என்றான் மொக்கையன். "அப்ப அம்புட்டும் கிருமி."

"இரு, இங்கன ஒரு எறும்பு தெரியுது" என்றான் காத்தமுத்து.

"தெரிஞ்சா அது கிருமி இல்லை. அதை விடு."

எறும்பை விட்டார்கள். அது கம்பி மேலேயே உலாத்திக்கொண்டிருந்தது.

ஸ்பிரிட் வாங்க பவுனுவும் வீரணனும் கம்பவுண்டர் ஞானசிகாமணி வீட்டுக்குப் போனார்கள். பவுனுவுக்கு வெளி ஆம்பளைகளிடம் பேசக் கூச்சம். முந்தானையைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்று கம்பியை மட்டும் நீட்டினாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா காய்ச்சல்?" என்றார்.

"கோழிக்கு."

"கோழிக்கா? எத்தனை இருக்கு?"

"இன்னும் பாக்கலை. எழுபத்தி நாலு வரணும்னு வேண்டிக்கிட்டிருக்கோம்."

"கோழி இப்ப எப்படி இருக்கு? இரை எடுக்குதா?"

பவுனு யோசித்தாள். "இல்லைங்க. தலை இல்லையே."

கம்பவுண்டர் வீரணன் கேட்ட ஸ்பிரிட்டும் பஞ்சும் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தமும் கேட்டது.

வீட்டுக்கு வந்து பவுனு பஞ்சை நனைத்துக் கம்பியை மேலிருந்து கீழ்வரை துடைத்தாள். "செத்திருச்சா?" என்றார்கள். "செத்திருச்சு" என்றாள். "எத்தனை?" "கம்பவுண்டர் வீட்டுக் கிருமிப் படத்துல கோடிக்கணக்குன்னு போட்டிருந்துச்சு."

அவள் தீப்பெட்டியை எடுத்தபோது காத்தமுத்து கையைப் பிடிக்காத குறையாக மறித்தான். "மதினி! கோடிக்கணக்குல சாவு விழுந்த வீடு. அடுப்பு மூட்டலாமா?"

பவுனு தீப்பெட்டியைக் கீழே வைத்தாள். தீட்டு வீட்டில் அடுப்பு எரியக் கூடாதுதான். அடுப்பு எரியாவிட்டால் கோழி இல்லை, கோழி இல்லாவிட்டால் நாலு மணி பஸ்.

"தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வந்து மூட்டலாம்ல?" என்றான் வீரணன்.

"தலை நனையக் கூடாதுன்னு மேல இருக்கேடா!"

நாலு பேரும் பஞ்சைச் சுற்றி உட்கார்ந்தார்கள். காத்தமுத்து இளகின மனசுக்காரன், தோளில் கிடந்த துண்டால் மூக்கைச் சிந்தினான். மொக்கையன் நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "செத்தது பங்காளின்னாத்தான் நமக்குத் தீட்டு. கிருமி நமக்குப் பங்காளியா?"

"ஒரே வீட்டுல இருந்திருக்கு" என்றான் காத்தமுத்து. "ஒரே சட்டியில தின்னுருக்கு. பங்காளி வேற எப்படி இருப்பான்?"

"வீட்டுல பாகப்பிரிவினை பண்ணினப்ப வந்து பங்கு கேட்டுச்சா?"

"கேக்கலை."

"நல்லது கெட்டதுக்கு வந்து நின்னுச்சா?"

"நின்னுருந்தாலும் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காதேண்ணே."

அந்த இடத்தில் வழக்கு சிக்கிக்கொண்டது. நேரம் பதினொன்று. பவுனு தலையைக் குனிந்துகொண்டே மெதுவாகச் சொன்னாள்: "நம்ம கொலசாமி கோயில் வரி நோட்டுல பங்காளிக பேரு எல்லாத்தையும் நான்தான் வாசிச்சேன். கிருமின்னு ஒரு பேரு இல்லை."

"அதானே!" என்று மூவரும் எழுந்து வேட்டியைத் தட்டினார்கள். தீட்டு நீங்கியது. இருந்தாலும் மரியாதைக்குப் பஞ்சைத் தெருமுனைக்கு எடுத்துப்போய் வீரணன் கொள்ளி வைத்தான். ஸ்பிரிட் குபீரென்று பிடித்து அவனுடைய புருவம் ரெண்டும் கூடவே போய்விட்டது. "கூட்டமாப் போகுதுகள்ல, அதான் வேகம்" என்று அவனே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அடுத்த வரி, "துணி படக் கூடாது. காத்தாட உலர விடணும்." கம்பியைக் கொடியில் கட்டித் தொங்கவிட்டு, கொடியில் கிடந்த சேலை துண்டு எல்லாவற்றையும் எடுத்தார்கள். காவலுக்கு நின்ற வீரணனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "மதினி, துணி கட்டின ஆளு பக்கத்துல நிக்கலாமா?"

"நிக்கலாம், நிக்கலாம்! தள்ளி நில்லுங்க!" என்று பவுனு வேகமாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் ஓடினாள். அன்றைக்கு அவள் சத்தம் போட்டுப் பேசினது அது ஒன்றுதான்.

உலர்ந்த கம்பியைக் கோழியில் குத்தினார்கள். முள் முப்பதில் நின்றது. "வேகலை" என்றான் மொக்கையன் கவலையாக. "அடுப்புல வைக்கவே இல்லையே" என்று பவுனு நினைவுபடுத்தினாள். அப்புறம்தான் சட்டி ஏறியது.

கடைசி வரி இப்படி: "பச்சைக் கறியில குத்தினதை அப்படியே வெந்த கறியில குத்தாதீங்க. ஒவ்வொரு தடவையும் மேல சொன்னதெல்லாம் மறுபடி செய்ங்க." ஆகவே மறுபடி குடை, உரச்சாக்கு, குண்டான். மறுபடி ஸ்பிரிட், மறுபடி கோடி சாவு. பங்காளி இல்லை என்று தீர்ப்பாகிவிட்டதால் இந்தத் தடவை யாரும் அழவில்லை. வீரணனிடம் இனிமேல் கருக ஒன்றும் இல்லாததால் கொள்ளி வைப்பதும் சுருக்காக முடிந்தது. இதற்குள் கோழி முக்கால் மணி நேரம் தளதளவென்று கொதித்துவிட்டது. குத்தினார்கள். தொண்ணூற்றாறு.

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"எழுபத்தி நாலுன்னா வெந்திருச்சுன்னு இருக்கு" என்றான் மொக்கையன். "தொண்ணூத்தாறுன்னா என்ன ஆயிருச்சுன்னு இருக்கு?"

"அதைப் பத்தி எழுதலைங்க."

"அப்ப ஆகக் கூடாதது என்னமோ ஆயிருச்சு."

சட்டியை இறக்கி, ரெண்டு முறத்தால் ரெண்டு பக்கமும் விசிறினார்கள். கம்பிக்கு மூன்றாவது தடவை எல்லாமும் நடந்தது. ஒரு மணி பஸ் மூலையில் திரும்பி ஹாரன் அடிக்கும்போது பவுனு கண்ணை மூடிக்கொண்டு குத்தினாள். திறந்து பார்த்தாள். முள் சரியாக எழுபத்தி நாலில் நின்றது. அவளுக்கு அந்தக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. துணி படக் கூடாது என்பதால் விட்டுவிட்டாள்.

மாப்பிள்ளை தங்கவடிவேல் இலையில் உட்கார்ந்ததும் சந்தேகமாகப் பார்த்தார். "வெந்திருச்சுங்களா?"

"எழுபத்தி நாலு மாப்பிள்ளை" என்றான் மொக்கையன் பெருமையாக.

"அத்தனை எதுக்குங்க, ஒண்ணு போதுமே" என்றார். ஆனால் வாயில் வைத்தவர் அப்புறம் கையை எடுக்கவில்லை. கோழி பஞ்சு மாதிரி வெந்திருந்தது. மூன்று தடவை சோறு வாங்கினார். கதவுக்குப் பின்னால் செல்லக்கிளியும் பவுனுவும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மணி மூன்றே கால். மாப்பிள்ளை பாயில் சாய்ந்து வயிற்றைத் தடவினார். "என்னமோ உள்ள கதகதன்னு இருக்குதுங்க."

வீடே நின்றுவிட்டது. செல்லக்கிளியின் பை இன்னும் பிரிக்காமல் மூலையில் இருந்தது.

"ஒண்ணும் இருக்காது" என்றான் காத்தமுத்து. "எதுக்கும் மாப்பிள்ளையை ஒரு குத்து குத்திப் பாத்துருவோம்."

மாப்பிள்ளை பாயிலிருந்து எழுந்து சுவரோடு ஒட்டினார். "குத்த வேணாம்" என்று பவுனு குறுக்கே வந்தாள். "கம்பவுண்டர் கக்கத்துலதானே வைப்பாரு?" அது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. குடை விரித்து, கழுவி, சாகடித்து, உலர்த்தி, கம்பியை மாப்பிள்ளையின் கக்கத்தில் வைத்தார்கள். சுற்றி நின்று நூறு எண்ணினார்கள். பவுனு எடுத்துப் பார்த்தாள்.

"முப்பத்தேழு."

செல்லக்கிளி தன் கையெழுத்தைத் தானே வாங்கிப் படித்தாள். "எழுபத்தி நாலுக்குக் கொறஞ்சா வேகலை" என்றாள். அவளும் அந்த வீட்டுப் பெண்தானே. "ஏங்க, நீங்க பாதிதான் வெந்திருக்கீங்க!"

மாப்பிள்ளை உடம்பு விஷயத்தில் பயந்த ஆள். கம்பியை வாங்கித் தானே பார்த்தார். முப்பத்தேழுதான். வேர்த்துவிட்டது. "அதான் கதகதன்னு இருக்குதா? இப்ப என்னங்க பண்றது? நாலு மணி பஸ்ல போயிடலாமுங்களா?"

"பாதி வெந்ததைப் பஸ்ஸுல கொண்டுபோனா வழியிலயே கெட்டுரும் மாப்பிள்ளை" என்றான் மொக்கையன். "எழுபத்தி நாலு வரட்டும், நாங்களே ஏத்திவிடுறோம்."

மாப்பிள்ளை மோட்டார் கம்பெனியில் வேலை பார்க்கிறவர், கணக்கு தெரிந்தவர். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "இன்னும் முப்பத்தேழுதான் பாக்கி, இருந்துக்கிறேனுங்க" என்று அடுப்படிக்குப் போய் அடுப்போரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பவுனு செல்லக்கிளியின் பையைப் பிரித்தாள்.

ஆடி போய், ஆவணியும் புரட்டாசியும் போய், இப்போது ஐப்பசி நடக்கிறது. நாத்தனாரும் மதினியும் வாசலில் உட்கார்ந்து பேசிப் பேசி இன்னும் தீரவில்லை. கம்பெனியிலிருந்து ரெண்டு தரம் ஆள் வந்து கேட்டார்கள், "வெந்ததும் அனுப்புறோம்" என்று சொல்லிவிட்டாள் பவுனு. போன வாரம் மிளகு ரசம் குடித்தபோது முள் ஒரு மயிரிழை நகர்ந்து முப்பத்தேழரை காட்டியது. அன்றைக்கு மாப்பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுப்புக்கு இன்னும் ஒரு விறகு தள்ளிவிட்டு, "மச்சான், மேல ஒரு மூடி போட்டா சீக்கிரம் ஆகுமுங்களா?" என்று கேட்டார்.