மேலாளர் தூங்கி எழுந்தபோது

முள் மண்டிக் கிடந்த உப்பள ரயில் தடத்தைச் சிறு கம்பெனி ஒன்று குத்தகைக்கு எடுத்துச் சீராக்கியதும், அதன் சொந்தக்காரரான பெரிய சரக்கு ரயில் கம்பெனி அதைத் திருப்பிக் கேட்டது. அந்தப் பெரிய கம்பெனியின் மேலாளர் ரங்கபாஷ்யம் தனி ரயில் பெட்டியில் வந்து இறங்கினார்.

"தண்டவாளம் எங்களுது. நீங்க போட்டதைப் பொறுக்கிக்கிட்டு இன்னைக்கே கிளம்புங்க."

"எங்க ஆளுக வேலை, அய்யா?" என்றான் சிறு கம்பெனியின் பராமரிப்பு மேஸ்திரி மாடக்கண்ணு.

"அது என் கவலையா?"

"சரிங்கய்யா."

மேலாளர் பெட்டிக்குள் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தார். முன்னும் பின்னும் தண்டவாளம் வெறும் மண்ணில் கிடந்தது. அதைத் தாங்க அடியில் சிறு கம்பெனி போட்டிருந்த கட்டைகளும் ஜல்லியும் லாரியில் ஏறியிருந்தன.

"டேய், நான் எப்படிடா போறது?"

"உங்க தண்டவாளத்தைத் தொடலைங்கய்யா. பெட்டிக்கு அடியில நம்ம கட்டை நாலு இருக்கு. கொஞ்சம் இறங்குனீங்கன்னா உருவிக்கிட்டுக் கிளம்பிருவோம்."

மேலாளர் அங்கேயே அத்தனை பேரையும் வேலைக்குச் சேர்த்தார். அவர் ஊர் திரும்பத் தடம் போடுவதுதான் முதல் வேலை. அதை அவர்கள் அவசரப்படாமல் செய்தார்கள்.